ஊருக்கெல்லாம் கேட்ட நெஞ்சு

புன்னைத்துறைக் கடற்கரையில், கரமடி வலை இழுக்கிற ததேயுஸுக்கும் அவன் மனைவி ஸ்டெல்லாபாய்க்கும் முதல் பிள்ளை பிறந்த காலையில், யாரோ ஈரத்துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதுபோல ஊர் முழுக்க ஒரு சத்தம் கேட்டது. யார் வீட்டில் துவைக்கிறார்கள் என்று பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள், யார் வீட்டிலும் துவைக்கவில்லை, சத்தமும் நிற்கவில்லை, நாய்கள் குரைத்துச் சலித்துப் படுத்துவிட்டன, கடைசியில் அந்தச் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டே நடந்தவர்கள் எல்லாரும் ஸ்டெல்லாபாயின் வாசலில் போய் முட்டி நின்றார்கள். உள்ளே, ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிறந்துவிட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்து நர்ஸ் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் இடதுபக்க நெஞ்சில் சதை இல்லை. ஒரு பப்படக் கனத்தில் தோல் மட்டும் இருந்தது. அந்தத் தோலுக்குக் கீழே நெஞ்சு துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தது. இடதுகை விரல்கள் குட்டையாக, வாத்தின் காலைப்போலத் தோலால் ஒட்டிக் கிடந்தன.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு. சதை ஒண்ணு வரல்ல, அவ்வளவுதான்" என்றாள் ரெஜினா, ஏதோ தபால் ஒன்று வரவில்லை என்பதுபோல.

பிள்ளைக்குச் செறுபுஷ்பம் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சாமியார் தண்ணீர் ஊற்றும்போது அந்தச் சத்தம் கோயில் ஓடுகளில் எதிரொலித்தது. வராத சதை யாருடைய வம்சத்தில் வராமல் போனது என்று அதன்பிறகு ஊர் ஒரு மாதம் ஆராய்ந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று ததேயுஸின் ஆட்கள் சொன்னார்கள். சட்டியே உங்களுடையதுதானே என்று ஸ்டெல்லாபாயின் ஆட்கள் திருப்பிச் சொன்னார்கள். ரெஜினாதான் நடுவில் புகுந்து, சதை இல்லாமல் பிறப்பது உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றுமில்லை, வேண்டுமானால் பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள், நடுவில் ஒரு நரம்புபோலப் புடைத்துக்கொண்டு நிற்பது ஒரு குட்டிச் சதையின் வால், அது இல்லாதவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள் என்று சொல்லித் தொலைத்தாள். அன்று முழுக்கப் புன்னைத்துறையில் ஒருவரும் வேலை செய்யவில்லை. எல்லாரும் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார்கள். கரமடி முதலாளி வலேரியானுக்கே இரண்டு கையிலும் அது இல்லை. மீன் ஏலம் கூறுகிற இடத்தில் நின்று எல்லாருடைய வம்சத்தையும் சந்திக்கு இழுத்தவர் அவர், அதற்குப் பிறகு ஒரு வாரம் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு திரிந்தார்.

கடல் இரைகிற ஊருக்கு இன்னொரு இரைச்சல் என்ன பாரம்? கொஞ்ச நாளில் ஊர் அந்தச் சத்தத்தை எடுத்துத் தன் பாட்டுக்குப் புழங்க ஆரம்பித்துவிட்டது. கைப்பிள்ளைகள் அதைக் கேட்டால்தான் தூங்கின. பெண்கள் அதன் கணக்கில் மீன்குழம்பை இறக்கினார்கள். வளைகுடாவில் வேலைபார்க்கிற ஆண்கள் வீட்டுக்குப் போன் பண்ணும்போது, எல்லாம் பேசி முடித்தபிறகு, "போனைக் கொஞ்சம் சன்னலுக்கு வெளிய காட்டுட்டி" என்று கேட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்கள்.

ஸ்டெல்லாபாய்க்கு மட்டும் அது பாட்டாகக் கேட்கவில்லை. பிள்ளை பசித்திருக்கிறதா, கோபமா, எதையாவது ஒளித்துவைத்திருக்கிறதா என்பதெல்லாம் அடுப்படியில் நின்றபடியே அவளுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே அவளுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி கிடையாது. அந்தப் பப்படத் தோல்மேல் ஒரு பந்து பட்டால் என்னாகும், ஒரு மாட்டுக்கொம்பு, விளையாடுகிற பிள்ளையின் முழங்கை, கரையில் குத்துகிற அலை பட்டால் என்னாகும் என்று அவள் ஓயாமல் நினைத்துக்கொண்டே இருந்தாள். இலவம்பஞ்சை வாங்கி இரட்டைத் துணிக்குள் அடைத்து, நெஞ்சை மூடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்துப் பிள்ளைக்குப் போட்டாள். சத்தம் அமுங்கியது. ஊர் உடனே முகம் சுளித்தது.

காரணம் கரமடி. கரமடியில் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் ஆட்கள் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு கூட்டம் இங்கே நிற்கும், மற்றது வெகுதூரம் தள்ளி நிற்கும். இரண்டு கூட்டமும் ஒரே சமயத்தில் இழுத்தால் வலை நேராக வரும். ஒரு கயிறு முந்தினால் வலை கோணும், மீன் சிரித்துக்கொண்டே போய்விடும். இவர்கள் பாடுகிற பாட்டைக் காற்று தின்றுவிடும், அவர்கள் போடுகிற சத்தம் இவர்களுக்கு வராது. துண்டை ஆட்டி, கெட்டவார்த்தை சொல்லி, எப்படியோதான் புன்னைத்துறை அதுவரை பிழைத்தது. செறுபுஷ்பம் நடக்கப் பழகியபிறகு ஒருநாள் அவளைக் கரையின் நடுவில் உட்காரவைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நெஞ்சு கேட்டது. ஒரே அடியில் நூறு கை இழுத்தது. வலை கோயில் தேர் வருகிற மாதிரி நேராக வந்தது. வலையின் மடிக்குள் நெத்திலியும் சாளையும் கொப்பளித்தன.

அதிலிருந்து பிள்ளை ஊர்ப்பிள்ளை ஆகிவிட்டாள். "பஞ்சுச் சட்டையைக் கழத்திட்டு அனுப்பு ஸ்டெல்லா" என்று காலையில் வலேரியானே வாசலில் வந்து நிற்பார். ததேயுஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "ஊரோட ஒத்துத்தானே போவணும்" என்பான். அவள் கழற்றிக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, வலை கரையேறும்வரை பிள்ளைக்கு முன்னால் கடலைப் பார்த்தபடி, வருகிற அலையைத் தன் மார்பால் வாங்குகிறவள்போல நிற்பாள்.

செறுபுஷ்பத்துக்கு ஏழு வயது நடக்கும்போது அந்தக் காரியம் நடந்தது. வலை பாதி வந்திருந்தது. ஓரமாக யாரோ இழுத்துப்போட்ட பெரிய திருக்கை ஒன்று, செத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்தது, திடீரென்று துள்ளிப் புரண்டு பிள்ளையின் காலடியில் வந்து விழுந்து வாலைச் சுழற்றியது. பிள்ளை கத்தவில்லை, அவள் நெஞ்சுதான் கத்தியது. படபடவென்று அடித்த அந்த அடிக்குக் கயிறு பிடித்திருந்த கைகளும் படபடவென்று இழுத்தன; நிறுத்துங்கலே என்று வலேரியான் கத்தினார், அவர் கையும் நிற்கவில்லை. கயிறு உள்ளங்கைகளை அறுத்துக்கொண்டு ஓடியது. ஸ்டெல்லாபாய் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டபிறகு சத்தம் மெல்ல அடங்கியது, கைகளும் அடங்கின. வலேரியானின் தம்பி லூக்காஸ் மட்டும் கயிற்றைப் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்திருந்தான். தொட்டால் சரிந்தான். நெஞ்சு வெடித்துப் போய்விட்டது என்றார்கள்.

சாவுவீட்டில் ரெஜினா ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்தாள். வலேரியானுக்குப் பார்த்தாள், லூக்காஸின் மனைவிக்குப் பார்த்தாள், பால்குடிக்கிற பிள்ளைக்குப் பார்த்தாள், முடிவில் தன் கையைத் தானே பிடித்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். எல்லா நாடியும் ஒன்றாக, அடிக்கு அடி செறுபுஷ்பத்தோடு அடித்தது. இது எத்தனை நாளாக இப்படி நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தன் நெஞ்சைத் தானே கேட்க யாருக்கு நேரம் இருந்தது? ரெஜினா மறைக்கத் தெரியாதவள். சொல்லிவிட்டாள்.

பயம் புன்னைத்துறைக்குள் வந்து குடியேறியது அன்றைக்குத்தான். அது செறுபுஷ்பத்தைப் பார்த்து வந்த பயம்; ஆனால் வெளியே பார்த்தால் பாசம் மாதிரியே இருக்கும். ஊர்க் கமிட்டி கூடி, பிள்ளை பயப்படக்கூடாது என்று முடிவெடுத்தது. திருவிழாவுக்கு வெடி இல்லை. தெருவில் நாய் இல்லை. பேய்க்கதை சொன்ன ஒரு கிழவரை அவருடைய மகனே வீட்டுக்குள் வைத்துப் பூட்டினான். சாவு விழுந்தால் மணி அடிப்பதில்லை, பெட்டியைப் பின்வழியாகக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எல்லாவற்றுக்கும் முழு மார்க் போட்டாள். விளையாட்டில் மற்றப் பிள்ளைகள் தோற்க வேண்டும் என்று வீட்டில் அடித்துச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை அதிகம் சிரித்தாலும் ஆபத்துத்தான் என்று யாரோ சொல்ல, வேடிக்கை பேசுகிறவர்களும் அவளைக் கண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் தெருவில் போனால் இரண்டு பக்கமும் மனிதர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். வணக்கம் சொல்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை வெகுநாள் நினைத்திருந்தது.

ஒருநாள் மதியம் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "அம்மா, நான் ஓடினா ஆராவது செத்துப்போவாங்களா?"

ஸ்டெல்லாபாய் கஞ்சியைக் கீழே வைத்தாள். பிள்ளையின் நெஞ்சு ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சீர்தான் அவளை நடுங்கவைத்தது. பத்து வயதுப் பிள்ளை தன் நெஞ்சை வளர்ப்பு நாயைப்போலப் பிடித்துக் கட்டிவைக்கப் பழகியிருந்தது.

மறுநாளே ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, சாவகாசமாகச் சொன்னார். "இவள் உங்க வயித்துல ஒரு உளுந்து அளவுக்கு இருந்தப்ப, இந்தப் பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் கொஞ்சம் அடைபட்டிருக்கும்னு நினைக்கிறோம். அதனால சதை உருவாகல, விலா எலும்பு ரெண்டு பாதியில நின்னுடுச்சு, விரலும் பிரியல. அபூர்வமா சில குடும்பத்துல தொடர்ந்து வர்றதும் உண்டு. பெரும்பாலும் அப்படி இல்ல. நீங்க சாப்பிட்டதாலயோ கும்பிட்டதாலயோ வந்ததும் இல்ல."

"அப்ப ஆரு செஞ்ச குத்தம் டாக்டரம்மா?"

"யாரும் இல்ல."

பத்து வருஷம் சுமந்ததை இவ்வளவு லேசாக இறக்கிவைக்கச் சொன்னால் எப்படி இறக்குவது? ஸ்டெல்லாபாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முதுகிலிருந்து ஒரு சதையை எடுத்து, ரத்தக்குழாயோடு முன்பக்கம் திருப்பி நெஞ்சின்மேல் விரித்துத் தைக்கலாம், ஒட்டிய விரல்களையும் பிரித்துத் தைக்கலாம், பிறகு பந்து பட்டாலும் பயமில்லை என்றார் டாக்டரம்மா. "ஓடலாமா?" என்று கேட்டது பிள்ளை. "ஓடலாம்."

ஊர் கூடியது. கோயில் முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். வலேரியான் கோபப்படவில்லை, பயந்துபோயிருந்தார், தம்பியைப் பறிகொடுத்தவர்.

"மயக்க மருந்து குடுத்தா அவளுக்க நெஞ்சு மெல்லத்தான் அடிக்கும்" என்றார். "அப்ப நமக்க நெஞ்சு? கத்தி வைக்கும்போ பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா, இந்த ஊருல பிணம் தூக்க ஆளு மிஞ்சுமா? நீயே சொல்லு ஸ்டெல்லா."

"ஒரு பந்து பட்டா எனக்க பிள்ளை போயிரும் மாமா. இந்தப் பயத்தோடதான் நான் பத்து வருஷமா சோறு திங்கேன். நீங்க இப்பதான பயப்படத் தொடங்கியிருக்கிய."

"அதுக்குத்தான் நாங்க எல்லாரும் காவல் இருக்கோமே."

"காவல் நிக்கிறது எனக்க பிள்ளைக்கா, உங்களுக்கா?"

யாரோ பின்னாலிருந்து, நெஞ்சை மூடினால் வலை கோணுமே என்றான். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஊரின் வாயை மூட உலைமூடி உண்டா? போகக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. ததேயுஸ் கயிறு அறுத்த தழும்புள்ள தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து அவனிடமும் சொல்லாமல் அவள் போகிற நாளைக் குறித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புன்னைத்துறையில் கடலுக்குப் போவதில்லை. திருப்பலிக்கு ஊரே கோயிலில் இருக்கும். நற்கருணையை உயர்த்தும்போது முழங்காலில் இருப்பவன் பாம்பு கடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாபாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே போகிறோம், என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் முன்பே பிள்ளையிடம் சொல்லியிருந்தாள். கோயிலுக்குள் அத்தனை பேரும் முழங்காலில் நின்றபடி, அந்த நெஞ்சு தெருவைத் தாண்டுவதையும், தென்னந்தோப்பைத் தாண்டுவதையும், பஸ் நிற்கிற மேட்டில் ஏறுவதையும் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருவரும் எழவில்லை. ததேயுஸ் மட்டும் எழுந்தான். அப்படி ஒரு பாவத்தைப் புன்னைத்துறையில் அதுவரை யாரும் செய்ததில்லை. பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து, மேட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்கியபடி, "நானும் வாறேன்" என்றான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

ஆபரேஷன் அன்று காலையில் புன்னைத்துறையில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டு வாசல்களில் படுத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. விழுந்து அடிபட வேண்டாமே என்று. ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாபாய் மூடிய கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து நெஞ்சு கேட்டது. மருந்து ஏற ஏற அது மெதுவாகியது. அவள் நெஞ்சும் மெதுவாகியது. கை கால் குளிர்ந்தன, பெஞ்சு எங்கோ கீழே போவதுபோல இருந்தது, பக்கத்தில் ததேயுஸின் தலை அவள் தோளில் சாய்ந்தது. அவளுக்கு அப்போது பயம்கூட இல்லை. நின்றால் எல்லாம் சேர்ந்து நிற்கட்டும், பிள்ளை தனியாகப் போகவேண்டாம் என்றுதான் இருந்தது.

வெகுநேரம் கழித்து, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், சத்தம் நின்றுபோனது.

பத்து வருஷத்தில் முதல்தடவையாக அவளுக்குக் காது வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரியின் மின்விசிறி கேட்டது, யாரோ இருமுவது கேட்டது. பிள்ளை போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டு, தானும் போவதற்காக அவள் கண்ணை மூடினாள். ஆனால் போகவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தட்டுத்தடுமாறி, தாளம் தெரியாத புது ஆள் கொட்டுகிறமாதிரி அடித்தது. அவளுடைய சொந்த நெஞ்சு. மகள் நின்றபிறகும் அடிக்கிற நெஞ்சு! அவளுக்கு அருவருப்பாகிவிட்டது. "நில்லு, நில்லு" என்று கையை மடக்கித் தன் மார்பிலேயே ஓங்கி ஓங்கிக் குத்தினாள். ததேயுஸ் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான்.

கதவைத் திறந்துகொண்டு சிஸ்டர் ஓடிவந்தாள். "என்னம்மா இது? சதையை வெச்சுத் தைச்சாச்சு. பிள்ளை நல்லா இருக்கா. சத்தம் போடாதீங்க."

அவர்கள் நம்பவில்லை. கண்ணால் பார்த்தும் ஸ்டெல்லாபாய் நம்பவில்லை. கட்டுக்கு ஓரமாகக் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, எங்கேயோ பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிப்பதுபோல, அடியில் அது இருந்தது. காதை எடுத்தால் இல்லை.

ஊருக்குத் திரும்பிவந்தபோது யாரும் வரவேற்கவில்லை, யாரும் திட்டவுமில்லை. அவரவர் நெஞ்சு அவரவருக்குத் திரும்பிவந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் நாடியைப் பிடித்துப் பார்த்தபடி திரிந்தார்கள். கைப்பிள்ளைகள் தூக்கமில்லாமல் அழுதன. கரமடி கோணியது. இரண்டு கூட்டமும் துண்டை ஆட்டிக் கெட்டவார்த்தை சொல்லின. வலேரியான் ஒரே ஒருமுறை வாசலில் வந்து நின்று, பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டு, "பிழைச்சாச்சுல்லா" என்றார். அது சந்தோஷமா குறையா என்று ஸ்டெல்லாபாய்க்குப் புரியவில்லை. தெருவில் மறுபடி நாய்கள் வந்தன.

ஸ்டெல்லாபாய்க்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. அடுப்படியில் நின்றால் கை வேலை செய்யாது. பிள்ளை எங்கே, பசிக்கிறதா, அழுகிறதா, ஒன்றும் தெரியாது. கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்ப்பாள், பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். திரும்பி வருவாள், மறுபடி ஓடுவாள். நாலு பிள்ளை பெற்ற தன் அண்ணன் மனைவி பிலோமியிடம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "பிள்ளையளுக்க நெஞ்சு ஒண்ணும் கேக்காம நீ எப்படி மைனி சோறு திங்க?"

பிலோமி மீன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "கேக்காததுனாலதான் திங்கேன்" என்றாள்.

காயம் ஆறி, ஓடலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று சாயங்காலம், செறுபுஷ்பம் கடலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் அலைக்குள் ஓடுவதும் அலை துரத்தத் திரும்பி ஓடிவருவதுமாகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலை அன்று கொஞ்சம் பெரிதாக இருந்தது. பிரித்துத் தைத்த குட்டை விரல்களால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை ஈரமணலின் விளிம்பில் நின்றாள்.

"பயமா இருக்கா மக்களே?"

"இல்லம்மா."

ஸ்டெல்லாபாய் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கடல் கேட்டது, பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான்" என்றாள் செறுபுஷ்பம்.

அது உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழியும் இல்லை. கையை விட்டாள். பிள்ளை ஓடினாள்.